வயிற்றுக்குள் ஒரு கேட் கீப்பர்!

போத்தனூர் ஜங்ஷனில் சிக்னல் கிடைக்காமல் ரயில் நகராது. பாதை காலியா என்று பார்த்த பிறகே வண்டியை விடுவார்கள்.

நம் வயிற்றுக்குள்ளும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு.

இரைப்பையின் அடிக்கோடியில், சிறுகுடல் தொடங்கும் இடத்தில், வளையம் போன்ற தடித்த தசை இருக்கிறது. டாக்டர்கள் இதைப் 'பைலோரஸ்' என்பார்கள். கிரேக்க மொழியில் 'வாயில் காப்போன்' என்று பொருள். பொருத்தமான பெயர்தான்!

சாப்பிட்ட சோற்றை இரைப்பை நிமிஷத்துக்குச் சுமார் 3 தடவை பிசைகிறது. அது கூழாகி, 1 அல்லது 2 மில்லிமீட்டர் துணுக்குகளான பிறகே வாசல் வழி விடும். அதுவும் கொஞ்சங் கொஞ்சமாக. பெரிய துணுக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடும்.

சிறுகுடலில் புளிப்போ கொழுப்போ அதிகம் சேர்ந்தால் அங்கிருந்து தகவல் வரும். உடனே வாசல் இறுகும். நெய் மிதக்கும் அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டவர் மாலை வரை மந்தமாக இருப்பது இதனால்தான்.

வாசல் அடைபட்டால்...

இந்த வாசலை ஒட்டிப் புண் வந்து, ஆறி, மறுபடியும் வந்தால் தழும்பு சுருங்கி வழி அடைபடும். காலையில் சாப்பிட்டது சாயங்காலம் வாந்தியாகும். சில சமயம் நேற்றுச் சாப்பிட்ட சோறுகூட வரும். உடம்பு இளைக்கும்.

தென்னாட்டில் இந்த நோய் ஒரு காலத்தில் மிக அதிகம். 1922-ல் எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற ஆங்கிலேய டாக்டர் சோமர்வெல், அந்தப் பயணம் முடிந்ததும் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள ஊர் அது. கூட்டங் கூட்டமாக நோயாளிகள்! வைத்தியம் பார்க்க ஆள் போதவில்லை. லண்டன் உத்தியோகத்தை வேண்டாம் என்று உதறிவிட்டு, நெய்யூரிலேயே பணிபுரிய வந்துவிட்டார். அடைபட்ட வாசலை விட்டுவிட்டு, இரைப்பையைக் குடலின் வேறு பகுதியோடு சேர்த்துத் தைத்துப் பலரைப் பிழைக்க வைத்தார்.

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குன்னூரில் டாக்டர் மெக்காரிசன் ஒரு சோதனை செய்தார். திருவிதாங்கூர் ஏழைகள் உண்ணும் சாப்பாட்டைக் கொடுத்து எலிகளை வளர்த்தார். பல எலிகளுக்கு வயிற்றில் புண் வந்தது. சாப்பாடுதான் குற்றவாளி என்று எண்ணினார்கள்.

பெரிய குற்றவாளி 1982-ல் ஆஸ்திரேலியாவில் பிடிபட்டது. அது ஒரு கிருமி! பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு டாக்டர்கள் சொன்னதைப் பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தி! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியால் வந்த புண் இன்று பெரும்பாலும் 2 வார மாத்திரையில் அடங்குகிறது. வலி மாத்திரைகளாலும் புண் வரும். வயதானவர்களுக்கு வாசலை அடைப்பது புற்றுநோயாகவும் இருக்கலாம். குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பச்சிளங் குழந்தைக்கு

பிறந்து 3 முதல் 6 வாரத்தில் சில குழந்தைகளுக்கு இந்தத் தசை அளவு மீறித் தடித்துவிடும். ஆண் குழந்தைகளுக்கே அதிகம். பால் குடித்ததும் பீய்ச்சி அடித்ததுபோல் வாந்தி வரும். அதில் பச்சைப் பித்தம் இருக்காது. வாந்தி எடுத்த கையோடு குழந்தை மறுபடியும் பாலுக்கு அழும்.

கொங்கு நாட்டுத் தாய்மார் சிலர் 'தொக்கம்' என்று சொல்லி, அதை எடுப்பவரைத் தேடி ஓடுவார்கள். இங்கே எதுவும் சிக்கியிருக்கவில்லை, தசையே தடித்திருக்கிறது. ஊதியும் உறிஞ்சியும் அதைக் கரைக்க முடியாது. மூத்திரம் குறைந்து, கண் குழி விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

ஸ்கேன் செய்தால் உண்மை தெரிந்துவிடும். முதலில் குழந்தை இழந்த நீரையும் உப்பையும் ஊசி வழியாக ஏற்றுவார்கள். பிறகு ஆபரேஷன். 1911-ல் ஜெர்மன் டாக்டர் ராம்ஸ்டெட் காட்டிய வழிதான் இன்றும். தடித்த தசையை மட்டும் நீளவாக்கில் கீறி விடுவார்கள், உள்சவ்வைத் தொடமாட்டார்கள். சில மணி நேரத்தில் குழந்தை மீண்டும் பால் குடிக்கத் தொடங்கிவிடும்.