விபத்தும் உள்ளமும்

உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலில் வெளிப்படுதலை மெய்ப்பாடு என்பர் நம் முன்னோர். நகை, அழுகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அச்சம் பிறத்தற்குத் தெய்வம், விலங்கு, கள்வர், அரசர் என நான்கு காரணங்களைக் கூறினார் தொல்காப்பியர். அவர் காலத்தில் மோட்டார் வண்டி இல்லை. இருந்திருப்பின், அதனை ஐந்தாவதாகச் சேர்த்திருப்பார் போலும்!

சேலம் மாவட்டத்திலுள்ள ஜலகண்டாபுரம், தறியொலி கேட்கும் நெசவாளர் ஊர். அவ்வூர் நெசவாளர் ஒருவர், சேலத்தில் துணியை விற்றுவிட்டு, அந்திப்பொழுதில் தாரமங்கலம் வழியாகக் காரில் திரும்புவதாக எண்ணிக்கொள்வோம். எதிரே விரைந்து வந்த லாரி ஒன்று காரின் பக்கத்தை உராய்ந்து செல்கிறது. கண்ணாடி நொறுங்குகிறது, கார் சாலையோரப் புளியமரத்தில் மோதி நிற்கிறது. அவர் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆயினும், வீடு சேர்ந்து, மனைவி நீட்டிய தண்ணீர்ச் செம்பை வாங்கும்போது கைகள் நடுங்குகின்றன. இரவில் கண்ணை மூடினால் லாரியின் விளக்கொளி தோன்றுகிறது. பத்து நாட்கள் கழிந்தும் அவர் காரில் ஏற மறுக்கிறார். “அடியே படவில்லை, இதற்கு இவ்வளவு அச்சமா?” என்று சுற்றத்தார் நகைக்கின்றனர். அவர் கோழையோ? அல்லர். அவர் உடலும் உள்ளமும் தம் கடமையைச் செய்கின்றன, அவ்வளவே.

இடர் நேர்ந்தவுடன் மூளை உடலுக்கு எச்சரிக்கை விடுக்கிறது. சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு மிகுகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. புலியைக் கண்ட மனிதன் எதிர்த்துப் போரிடவோ ஓடித் தப்பவோ இயற்கை அளித்த ஏற்பாடு இது. இடர் நீங்கியபின்னும் அவ்வேகம் உடனே அடங்குவதில்லை. விரைந்து சுழன்ற சக்கரம் மெல்ல மெல்லத்தானே நிற்கும்? நடுக்கமும் சோர்வும் குமட்டலும் அதன் விளைவுகளே. “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்னும் பழமொழியும் இவ்வியல்பை உணர்ந்து எழுந்ததேயாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். பரபரப்பு மிகுந்த வேளையில் வலி தோன்றாமலே இருக்கலாம். ஆதலால், நலமாக இருப்பதாகத் தோன்றினும் விபத்துக்குள்ளானவர் மருத்துவரைக் காணுதல் நன்று. முகம் வெளுத்து, உடல் குளிர்ந்து வியர்த்து, நாடி தளர்ந்து விரைந்தோடி, நினைவு மயங்குமாயின், அது மன அதிர்ச்சியன்று. உள்ளே குருதி கசிவதன் அறிகுறியாக இருக்கலாம். அத்தகையவருக்கு நீரோ சோடாவோ கொடுத்தலாகாது. உடனே 108 எண்ணில் ஆம்புலன்சை அழைத்தல் வேண்டும்.

பெரியோரும் இந்த அச்சத்திற்கு விலக்கல்லர். புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், 1865ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் இலண்டனுக்கு இரயிலில் சென்றுகொண்டிருந்தார். ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில், பழுதுபார்ப்பதற்காகப் பாலத்தின் தண்டவாளம் அகற்றப்பட்டிருந்தது. வண்டி கவிழ்ந்து பத்துப்பேர் இறந்தனர், நாற்பதுபேர் காயமுற்றனர். டிக்கன்ஸ் இருந்த பெட்டி பாலத்தின் விளிம்பில் சாய்ந்து நின்றது. அவர் வெளியேறி, தம் தொப்பியில் நீர் முகந்து வந்து காயமுற்றோருக்கு உதவினார். அப்பொழுது அவர் கலங்கவில்லை. ஆனால், பின்னர்க் கடிதம் எழுத அமர்ந்தபோது கை நடுங்கியது. சில ஆண்டுகள் சென்றபின்னும், வண்டியில் போகும்போது திடீரெனத் திகில் அவரைப் பற்றும். எனினும் அவர் பயணத்தைக் கைவிடவில்லை. 1867இல் அமெரிக்காவுக்கும் சென்று தம் நூல்களைப் படித்துக்காட்டினார். அஞ்சாதிருத்தல் மட்டும் வீரமன்று. அஞ்சியும் மீண்டும் புறப்படுதலும் வீரமே.

அக்காலத்து மருத்துவருட் சிலர், இத்துன்பம் முதுகுத்தண்டின் அதிர்வால் வருவதென்றனர். வேறு சிலர் வெறும் பாசாங்கென்றனர். இது தனியொரு மனநோயாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது 1980ஆம் ஆண்டிலேயாம்.

அங்ஙனமாயின், அதிர்ச்சியுற்றவருக்கு நாம் செய்யத்தக்கது யாது? முதலில், அவரைப் பாதுகாப்பான இடத்தில் அமர்த்தித் தனிமையின்றி உடனிருத்தல் வேண்டும். மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல வெளிவிடுமாறு சொல்லுதல் நன்று. இதனால் படபடப்புத் தணியும். நிகழ்ந்ததை அவர் தாமாகச் சொன்னால் பொறுமையுடன் கேட்க வேண்டும், “எப்படி நடந்தது?” என்று வருவோர் போவோரெல்லாம் துருவிக் கேட்டலாகாது. உடனே எல்லாவற்றையும் சொல்லவைத்தல் நலம் பயக்கும் என முன்பு கருதினர். அவ்வாறு வற்புறுத்துதல் பயன் தருவதில்லை எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நம் ஊர்களில் பயந்தவரைப் பெரியோர் அழைத்துத் திருநீறிட்டுத் தேற்றுவதுண்டு. அன்புள்ள ஒருவர் அருகிருந்து தரும் அந்த ஆறுதல் நல்லதே. ஆயினும், வேண்டிய மருத்துவத்தை அது தள்ளிப்போடலாகாது.

பின்வரும் நாட்களில் உணவும் உறக்கமும் வழக்கமான வேலையும் வேளை தவறாதிருத்தல் வேண்டும். துயரை மறக்க மதுவை நாடுதல் கேடாகும். அஞ்சிய பொருளை விட்டு விலகுந்தோறும் அச்சம் வளரும்; சிறிது சிறிதாக அணுகுந்தோறும் தேயும். ஆகவே, நம் நெசவாளர் முதல்நாள் நின்றிருக்கும் காரில் சற்று அமரலாம். மறுநாள் தெருமுனைவரை செல்லலாம். பிறகு தாரமங்கலம்வரை ஒருவர் துணையுடன் போய்வரலாம். முடிவில் அந்தப் புளியமரத்தையும் கடக்கலாம்.

பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் இவ்வச்சம் தணியும். ஒரு திங்களுக்கு மேலும் கொடுங்கனவும் நடுக்கமும் தொடர்ந்து, தொழிலும் தடைப்படுமாயின், மருத்துவர் உதவியை நாடுதல் வேண்டும். சேலத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022ஆம் ஆண்டு முதல் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். எலும்பு முறிந்தால் கட்டுப்போட நாணுவாரில்லை; உள்ளம் நொந்தால் மருந்து தேட நாணுதல் ஏன்?

மாணவர்களே! தறியில் பாவு இழை அறுந்தால் நெசவாளர் தறியை உடைப்பதில்லை. அறுந்ததைக் காணாததுபோல் மேலும் நெய்வதுமில்லை. தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடியெடுத்து, பொறுமையுடன் முடிந்து, மீண்டும் நெய்கின்றனர். அதிர்ச்சியால் தளர்ந்த உள்ளத்தையும் அவ்வாறே பேணுதல் வேண்டும். நாளை உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ ஒருவர் இவ்வாறு அஞ்சி நடுங்கக் காணின், நகையாதீர். அருகில் அமர்ந்து அவர் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். அதுவே முதல் மருந்து.