எழுத்துகளைக் கொண்டு ஆங்கிலச் சொல் தேடுதல்

எழுத்துகளைக் கொண்டு சொல் தேடுதல் என்பது, கொடுக்கப்பட்ட சில எழுத்துகள் அமைந்த சொற்களைக் கண்டறியும் முறையாகும். குறுக்கெழுத்துப் புதிர், ஸ்கிராபிள், வேர்டில் போன்ற விளையாட்டுகளிலும், போட்டித் தேர்வுகளின் திறனறி வினாக்களிலும் இது பயன்படுகிறது. தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் ஒலியைக் கொண்டு தேடினால் விடை தவறக்கூடும். ஆங்கிலத்தில் எழுத்துகளை எண்ணித்தான் தேட வேண்டும்.

தேடலின் வகைகள்

1. கொடுத்த எழுத்துகளை மட்டும் பயன்படுத்திச் சிறு சொற்களை அமைத்தல்.
2. எல்லா எழுத்துகளையும் இடம் மாற்றி வேறு சொல் ஆக்குதல்.
3. கொடுத்த எழுத்துகள் எந்த இடத்திலாவது வரும் சொல்லைக் காணுதல். ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகிய ஐந்து உயிரெழுத்துகளும் வரும் சொல் எது என்றால், 'எஜுகேஷன்' (கல்வி) ஒரு விடை.
4. எழுத்து வரும் இடத்தையும் பொருத்துதல். ஒன்பது எழுத்துச் சொல்லில் 2, 4, 6, 8 ஆகிய இடங்களில் ஏ வர வேண்டும் என்றால், 'கேட்டமரான்' பொருந்தும். இது தமிழின் 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குச் சென்ற வடிவம்.

பம்மல்: ஓர் எடுத்துக்காட்டு

சென்னையின் தெற்கே, பல்லாவரத்தை அடுத்துள்ள பம்மல் இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. இவ்வூரின் பெயர் ஆங்கிலத்தில் பி, ஏ, எம், எம், ஏ, எல் என ஆறு எழுத்துகளால் எழுதப்படுகிறது. இவற்றிலிருந்து மேப் (நிலப்படம்), லேப் (மடி), லேம்ப் (விளக்கு), பாம் (உள்ளங்கை), லாமா (திபெத்தியத் துறவி) முதலிய சொற்களை அமைக்கலாம்.

இவற்றுள் லேம்ப், பாம் ஆகிய இரண்டுக்கும் அதே நான்கு எழுத்துகள்தான். 'பாம்' என்று சொல்லும்போது எல் ஒலிப்பதில்லை. எனவே ஒலியை நம்பித் தேடுபவருக்கு இந்த உறவு எளிதில் புலப்படாது.

'மேமல்' (பாலூட்டி) என்ற சொல் இதற்கு நேர்மாறானது. அதன் எழுத்துக்கோவை பம்மலின் எழுத்துக்கோவையைப் போலவே இருக்கிறது. முதல் எழுத்து மட்டும் வேறு. ஆனால் அதற்கு மூன்று எம் தேவை. பம்மலில் இரண்டே உள்ளன. ஆகவே அச்சொல்லை இவ்வெழுத்துகளால் அமைக்க முடியாது. 'எந்தச் சொல்லை அமைக்க இயலாது?' என்னும் தேர்வு வினாக்களில் இத்தகைய சொற்களே பொறியாக வைக்கப்படுகின்றன.

கையால் தேடும் முறை

முதலில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை உள்ளது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு உயிரெழுத்துகளையும் மெய்யெழுத்துகளையும் தனித்தனியே எழுத வேண்டும். ஐ-என்-ஜி போன்ற வழக்கமான இறுதிகள் இருந்தால் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைப் பார்ப்பது எளிது.

அரிய எழுத்திலிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஸ்கிராபிள் விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே வில்லைகளின் எண்ணிக்கையை வகுத்தார். அதன் ஆங்கிலப் பதிப்பிலுள்ள 100 வில்லைகளில் ஈ 12 முறை வருகிறது. அதற்கு 1 புள்ளி. க்யூ ஒன்றே ஒன்று. அதற்கு 10 புள்ளிகள். க்யூவை அடுத்துப் பெரும்பாலும் யூ வருவதால், க்யூ இருந்தால் தேடலின் பரப்பு உடனே சுருங்கிவிடும்.

கணினி தேடும் முறை

வெவ்வேறான ஆறு எழுத்துகளை 720 விதமாக அடுக்கலாம். அத்தனையையும் அகராதியோடு ஒப்பிடத் தேவையில்லை. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசைப்படி அடுக்கி, அந்த வரிசையை அச்சொல்லின் திறவுகோலாக வைத்துக்கொண்டால் போதும். 'லிசன்' (கேள்) என்ற சொல்லின் திறவுகோல் ஈ, ஐ, எல், என், எஸ், டீ என்பதாகும். சைலண்ட் (அமைதியான), என்லிஸ்ட் (பட்டியலில் சேர்), டின்சல் (சரிகை) ஆகியவற்றுக்கும் இதே திறவுகோல்தான். ஒலியில் தொடர்பற்ற நான்கு சொற்களும் இவ்வாறு ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

தமிழ் மரபில்

சொற்களை எழுத்தின் வழியே தேடும் முறை தமிழுக்கும் பழையது. பொருள் அடிப்படையில் அமைந்த நிகண்டுகளுக்கு நடுவே, சிதம்பரம் ரேவண சித்தர் 1594-இல் இயற்றிய 'அகராதி நிகண்டு' சொற்களை முதலெழுத்தின்படி வரிசைப்படுத்தியது. வீரமாமுனிவரின் 'சதுரகராதி' (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளைக் கொண்டது. இவற்றுள் தொடையகராதி எதுகைக்கு உதவுவது. எதுகை என்பது இரண்டாம் எழுத்தின் ஒற்றுமை. ஆகவே அது குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட எழுத்து வரும் சொற்களைத் தேடித் தரும் கருவியாகும்.

கணினியில் தமிழ்ச் சொல்லை இவ்வாறு தேடும்போது ஒரு கவனம் வேண்டும். 'பம்மல்' தமிழில் நான்கு எழுத்து. ஒருங்குறியில் அது ஆறு குறியீடுகளாகப் பதிவாகிறது. மெய்யின் புள்ளி தனிக் குறியீடு என்பதே காரணம். குறியீடுகளை அப்படியே வரிசைப்படுத்தினால் புள்ளி தன் எழுத்தை விட்டுப் பிரிந்துவிடும். எனவே முதலில் சொல்லை முழு எழுத்துகளாகப் பிரித்த பிறகே எண்ணவோ அடுக்கவோ வேண்டும். 'ஓப்பன் தமிழ்' என்னும் பைத்தான் நிரல்தொகுப்பில் இவ்வசதி உள்ளது.