சொரசொரத்த தோலும் வீண் அச்சமும்

விளையாட்டுப் போட்டி நாளிலே கையில்லாச் சட்டை அணிய மனமின்றி ஒதுங்கி நிற்கும் மாணவனை நாம் கண்டதுண்டு. ஓட்டத்தில் வல்லவன், ஆயினும் ஓட வாரான். மேற்கையின் புறத்தே அரம்போற் சொரசொரத்துக் கிடக்கும் சிறு பருக்களைப் பிறர் காண்பரே என்னும் நாணமே அவனைத் தடுப்பது. விடுதியிலோ, தொற்றுநோயெனக் கருதி அவனது பாயையும் துவாயையும் விலக்கிவைக்கும் தோழரும் உளர். அறியாமையால் விளையும் இத்துன்பத்தைப் போக்கக் கருதியே இச்சிறு கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

இதனை மருத்துவர் கெரற்றோசிஸ் பிலாரிஸ் என்பர். நகத்துக்கும் மயிருக்கும் மேற்றோலுக்கும் வன்மை தருவது கெரற்றின் என்னும் புரதம். அது மயிர்க்காலின் வாயிலே மிகுதியாகத் திரண்டு அடைத்துக்கொள்ளின், அவ்விடம் ஊசிமுனையளவாய்ப் புடைத்து நிற்கும். இறகு பிடுங்கிய கோழியின் தோலை ஒத்த தோற்றம் இவ்வாறே உண்டாகின்றது. மேற்கை, தொடை, பிட்டம் ஆகியன இதற்குரிய இடங்கள்; சிறுவர் கன்னத்திலும் காணலாம். நோவில்லை, சிலர்க்குச் சிறிது நமைச்சல் உண்டு.

இது கிருமியால் வருவதன்று, ஆதலின் தொற்றாது. அழுக்கால் வருவதுமன்று. பெற்றோர் வழி வரும் இயல்பே பெரிதும் காரணமாகும். வறண்ட தோலுடையாரிடத்து மிகுதியாய்க் காணப்படும். இளம்பருவத்தினருட் பாதிக்கு மேற்பட்டோர்க்கும், வளர்ந்தோருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர்க்கும் இஃது உண்டென மருத்துவ நூல்கள் கூறும்.

இதனோடு மயங்கத்தக்கது பிறிதொன்றுண்டு. இலங்கையிற் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் மருத்துவர் 1933இல் 'பிரினோடெர்மா', அதாவது தேரைத்தோல், எனப் பெயரிட்டு விளக்கிய நிலையே அது. முழங்கை, முழங்கால்களிலே தடித்த முளைகளாய்த் தோன்றும் அது ஊட்டக் குறைவின் அறிகுறி. உயிர்ச்சத்து ஏ குறைவதும் அதற்கொரு காரணம். மாலைக்கண்ணும் உடனிருப்பின் மருத்துவரை விரைந்து நாடல் வேண்டும். முருங்கையிலையும் பப்பாசிப்பழமும் உடலுக்கு நல்லனவே. ஆயினும் பிறப்பியல்பாய் வந்த பருக்களை அவை போக்கா.

இனிச் செய்யத்தக்கன யாவை? கல்லாலும் பீர்க்கம் நாராலும் தேய்த்தல், நகத்தாற் கிள்ளுதல் என்பன கூடா. தோல் சிவந்து, புண்ணாகி, கருந்தழும்பே எஞ்சும். வெந்நீரில் நெடுநேரம் குளித்தலும் கடுஞ்சவர்க்காரமும் தோலை வறட்டும். குளித்தபின் ஈரம் முற்றாக உலருமுன் ஈரங்காக்கும் களிம்பு பூசுக. யூரியா, லற்றிக்கமிலம், சலிசிலிக்கமிலம் ஆகியவற்றுள் ஒன்று கலந்த களிம்பு அடைப்பை மெல்ல இளக்கும். எரிவு தோன்றின் நிறுத்துக. புண்பட்ட தோலிற் பூசற்க. குழந்தைகட்கு மருத்துவரைக் கேட்டே பூசுக. பயன் காணப் பல வாரங்கள் செல்லும். பூசுதலை விட்டாற் பருக்கள் மீளவுங்கூடும். எனினும் வயதேறப் பலர்க்கு இவை தாமே குறைந்துவிடும். ஒன்றும் பூசாதிருப்பினும் கேடில்லை.

ஆகவே, மாணவ நண்பர்காள், இதன் பொருட்டு மைதானத்தைத் துறவாதீர். ஆசிரியப் பெருமக்களும், ஒதுங்கி நிற்கும் பிள்ளையைக் காணின், கடிந்துரையாது காரணத்தை மெல்லக் கேட்டறிவார்களாக. தோலுக்கு வேண்டுவது சிறிது களிம்பு. அப்பிள்ளைக்கு வேண்டுவது தோழர் தம் அருகே இடந்தருதல்.