13 எழுத்துக்கு 257 இடம்

‘தஞ்சைப் பெருவுடையார் கோயில்’ என்பதை விரல்விட்டு எண்ணினால் 13 எழுத்து. இதைத் தமிழ் விக்கிப்பீடியா முகவரியோடு சேர்த்தால், உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது 257 இடம் பிடிக்கிறது. எக்செல் ஃபார்முலாவில் மேற்கோள்குறிக்குள் எழுதும் உரைக்கு உச்சவரம்பு 255. இரண்டே இடம் கூடிப்போனதால் லிங்க்கை எக்செல் ஏற்க மறுக்கிறது.

செலவுக் கணக்கு

கண்ணுக்குத் தெரியும் எழுத்து: 13
யுனிகோடு குறிகள்: 25 (‘கோ’ என்பதில் ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று)
ஒரு குறிக்கு 3 பைட், குறியாக்கத்தில் ஒரு பைட்டுக்கு 3 இடம் (‘%’ ஒன்று, அதன்பின் இரண்டு எழுத்து): 25 × 9 = 225
சொற்களுக்கு நடுவே அடிக்கோடு: 2
முகவரியின் முன்பகுதி: 30
மொத்தம்: 257

அதே முகவரியைத் தமிழ் எழுத்தாகவே வைத்தால் 30 + 25 + 2 = 57. மிச்சம் 200 இடம். தமிழில் தட்டினாலும் உலாவி அதே பக்கத்தைத் திறக்கிறது. ஆகவே இந்த 200 இடமும் வீண் செலவு.

கொள்வது எவ்வளவு, காட்டுவது எவ்வளவு?

எக்செல்லின் ஒரு கட்டம் 32,767 குறிகளைக் கொள்ளும். கூகுள் ஷீட்ஸில் 50,000. ஒரு மனுவின் முழு வாசகத்துக்கும் இது தாராளம். தட்டுப்பாடு காட்டுவதில்தான். எக்செல்லில் நெடுவரிசையின் அதிகபட்ச அகலம் 255 இலக்கம். வரிசையின் அதிகபட்ச உயரம் 409 புள்ளி. வரிக்கு 15 புள்ளி என்றால் 27 வரி. 255 × 27 = 6,885. நிரம்பிய கட்டத்தை முழுக்க இழுத்து விரித்தாலும் உள்ளே இருப்பதில் ஏறத்தாழ 21 விழுக்காடுதான் கண்ணில் படும். மீதியைப் படிக்க ஒவ்வொரு கட்டமாகச் சொடுக்கி, மேலே ஃபார்முலா பட்டையை இழுத்துப் பெரிதாக்க வேண்டும். 200 நீண்ட மனுக்களைப் படிப்பவர் இதை 200 முறை செய்கிறார்.

லிங்க் எண்ணிக்கை

எக்செல்லின் ஒரு தாளில் 65,530 ஹைப்பர்லிங்க் வைக்கலாம். 65,536 வரிசை கொண்ட பழைய தாளுக்கு, வரிசைக்கு ஒன்று என்றால் இது ஏறக்குறையச் சரியாக இருந்தது. எக்செல் 2007இல் வரிசைகள் 10,48,576 ஆயின. இன்றைய வரம்பைப் பார்த்தால் 16 வரிசைக்கு ஒரு லிங்க்தான்.

செய்ய வேண்டியவை

முதலில், முகவரியைத் தமிழாகவே சேமித்து, தமிழாகவே காட்ட வேண்டும். குறியாக்கம் வலைக்கு அனுப்பும் நொடியில் நடந்தால் போதும். அடுத்து, கட்டத்துக்குள்ளேயே உருட்டிப் படிக்க வழி வேண்டும். மூன்றாவதாக, வரம்பை நெருங்கும்போதே, இன்னும் எத்தனை இடம் மீதி என்று சொல்ல வேண்டும்.

இவற்றில் முதலாவதற்குக் கூடுதல் கொள்ளளவே தேவையில்லை. 255 என்ற வரம்பைத் தொடாமலே தஞ்சைக் கோயிலின் லிங்க் வேலை செய்யும். 198 இடம் மீதியும் இருக்கும்.