காரணம் தெரியாத ஒவ்வாமையும் மாஸ்ட் உயிரணுக்களும்

திடீரென்று முகமும் கழுத்தும் சிவந்து சூடேறும். உடலெங்கும் காணாக்கடி போலத் தடிப்புகள் எழும். வயிறு பிசைந்து போக்கு ஏற்படும். நெஞ்சு படபடக்கும், கண் இருளும். சில மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். தடிப்புக்கு ஒரு மருத்துவர், வயிற்றுக்கு ஒருவர், படபடப்புக்கு இன்னொருவர் என்று அலைந்தும் சோதனைகளில் ஒன்றும் தென்படாது. வீட்டில் சிலர் 'மனப்பிரமை' என்பார்கள். சிலர் 'கண் திருஷ்டி' என்பார்கள். இவ்வாறு அவதிப்படுவோரில் ஒரு சிலருக்கு, பல உறுப்புகளில் தோன்றும் இத்தொல்லைகள் அனைத்துக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாம். அதுவே மாஸ்ட் உயிரணுக்கள் மிகையாகத் தூண்டப்படும் நோய்.

உடலின் காவலர்கள்

மாஸ்ட் உயிரணுக்களை 1878ஆம் ஆண்டில் விவரித்துப் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். அவற்றினுள் துகள்கள் நிறைந்திருந்ததால், நன்றாக உண்டு கொழுத்தவை என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அத்துகள்கள் உணவல்ல, ஹிஸ்டமின், ஹெப்பரின், டிரிப்டேஸ் முதலிய இரசாயனங்களின் கிடங்கு என்பது பின்னர்தான் தெரியவந்தது.

தோல், குடல், மூச்சுக்குழாய், இரத்த நாளங்களின் ஓரம் என, வெளியுலகம் உடலைத் தொடும் இடங்களில் இவை காவல் நிற்கின்றன. ஒட்டுண்ணியோ நஞ்சோ நுழைந்தால் இரசாயனங்களைக் கொட்டி எதிர்க்கின்றன. ஹிஸ்டமின் இரத்த நாளங்களை விரிக்கிறது; அதனால் சிவப்பும் வீக்கமும் உண்டாகின்றன. மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது, இளைப்பு வருகிறது. அளவு மிஞ்சினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிறது.

தக்க காரணமின்றி இக்காவலர்கள் அடிக்கடி ஆயுதம் தூக்குவதே இந்நோய். சிலருக்கு 'கிட்' என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் பழுதுபட்ட மாஸ்ட் உயிரணுக்கள் பெருகுகின்றன. சிலருக்கு உணவு, பூச்சிக்கடி போன்றவற்றின் ஒவ்வாமை அடிப்படையாக உள்ளது. மற்றவர்களுக்குக் காரணம் புலப்படுவதில்லை.

உறுதி செய்வது எப்படி?

அறிகுறிகளை மட்டும் பார்த்து நாமே முடிவு கட்டக் கூடாது. மருத்துவர்கள் மூன்று சான்றுகளைத் தேடுகிறார்கள்.

1. குறைந்தது இரண்டு உறுப்பு மண்டலங்களில், விட்டுவிட்டு வரும் கடுமையான அறிகுறிகள்.

2. அந்நேரத்தில் இரத்தத்தில் டிரிப்டேஸ் உயர்ந்திருத்தல். தொல்லை தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் இரத்தம் எடுக்க வேண்டும். முற்றிலும் குணமாகி ஒரு நாளாவது கழிந்தபின் மீண்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். வழக்கமான அளவுடன் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் மேலும் இரண்டையும் கூட்டிய அளவை எட்டியிருந்தால் அது சான்றாகும். வழக்கமான அளவு 5 எனில், 8 வரை உயர்ந்திருக்க வேண்டும்.

3. மாஸ்ட் உயிரணுக்களின் வேலையைத் தடுக்கும் மருந்துகளால் குணம் தெரிதல்.

பலருக்கு நோய் புலப்படாமல் போவதற்கு இரண்டாவது சான்று தவறிவிடுவதே ஒரு காரணம். தொல்லை அடங்கி, வாரம் ஒன்று கழிந்து எடுத்த இரத்தத்தில் உயர்வு தெரியாது. ஆகவே அவசரப் பிரிவுக்குச் செல்லும்போதே இச்சோதனையைப் பற்றிக் கேளுங்கள்.

அன்றாடம் செய்ய வேண்டியவை

முதல் மருந்து ஒரு குறிப்பேடு. என்ன உண்டீர்கள், எந்த மாத்திரை விழுங்கினீர்கள், வெயிலில் நின்றீர்களா, உறக்கம் குறைந்ததா, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எழுதி வாருங்கள். வெப்பம், உராய்வு, கடும் உழைப்பு, மனவுளைச்சல், மது, பூச்சிக்கடி, ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் ஆகியன சிலருக்குத் தூண்டுகோலாகின்றன. எல்லாருக்கும் எல்லாமே ஆகாது என்பதில்லை. கேள்விப்பட்ட உணவுகளையெல்லாம் விலக்கி உடல் மெலிவது நன்றன்று.

செட்டிரிசின், லோராட்டடின் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளை நாள்தோறும் உட்கொள்ளுமாறு மருத்துவர் கூறலாம். வயிற்றுத் தொல்லைக்கு ஃபாமோட்டிடின், குரோமோகிளிக்கேட் ஆகியனவும், கடுமையான நிலையில் ஒமலிசுமாப் ஊசியும் பயன்படுகின்றன.

ஆபத்து வேளையில்

மூச்சுத் திணறல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதம் கூடாது. உயிர் காக்கும் மருந்து அட்ரினலின். மாத்திரை அதற்கு ஈடாகாது. நோயாளியிடம் அட்ரினலின் ஊசி இருந்தால் தொடையின் வெளிப்புறத்தில் உடனே செலுத்த வேண்டும். பின்னர் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். அவரைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம். குணமானதுபோல் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்வது அவசியம்; சில மணி நேரத்தில் தொல்லை திரும்பக்கூடும்.

ஆலயத்திற்கு வருவோர்க்கு

தைப்பூசத்தில் காவடி ஏந்தி வெயிலில் நடப்பதும், பத்துமலையின் 272 படிகளை ஏறுவதும் இந்நோயாளிகளின் உடலைச் சோதிக்கும். நேர்த்திக்கடனுக்கு முன் மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள். மருந்தைக் கையோடு கொண்டு வாருங்கள். உடன் ஒருவரை அழைத்து வாருங்கள். அன்னதானத் தொண்டர்கள் முந்திரி, வேர்க்கடலை, எள், பால் சேர்ந்த பதார்த்தங்களை எழுதி வைத்தால் அது பெரும் உதவி. 'எனக்கு இது ஆகாது' என்பவரைச் சாமி பிரசாதம் என்று வற்புறுத்த வேண்டாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, துன்பப்படுபவரின் சொல்லை நம்புங்கள். குடும்பத்தார் நம்பினால்தான் அவர் தயங்காமல் மருத்துவரை நாடுவார். வேளைக்கு உதவியும் கேட்பார்.