பெயர் சொல்லாத நீதி

ராணுவ நீதிமன்றம் அவர்களில் பலருக்கு விதித்தது 3 ஆண்டுச் சிறை. அவர்கள் வெளியே வந்தது ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து. வந்தவர்களும் பாதிப் பேர்தான்.

மன்னராட்சிகளில் மனித உரிமை என்று எழுத உட்கார்ந்தால், வளைகுடா தொடங்கி தாய்லாந்து, எஸ்வாட்டினி வரை நாடு நாடாகப் பட்டியல் போடலாம். ஆனால் அந்த நாடுகளின் அரண்மனைகள் பெரும்பாலும் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. மொராக்கோ ஒப்புக்கொண்டது. விசாரணைக் குழு அமைத்தது, தொலைக்காட்சியில் சாட்சியம் கேட்டது, இழப்பீடும் கொடுத்தது. அரபு உலகின் முதல் உண்மை ஆணையம் என்று வெளிநாடுகள் மெச்சின. அத்தனையும் உண்மை. அதனால்தான் மொராக்கோவை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

58 பேர்

1971 ஜூலை 10. ரபாத்துக்குத் தெற்கே கடலோரம், ஸ்கிராத் அரண்மனையில் அன்றைய மொராக்கோ மன்னரின் 42ஆவது பிறந்தநாள் விருந்து. ராணுவப் பயிற்சிப் பள்ளி மாணவர்களை லாரிகளில் ஏற்றிவந்த அதிகாரிகள், விருந்தினர் மத்தியில் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். ஏறக்குறைய 100 பேர் செத்தார்கள், மன்னர் தப்பினார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று, பிரான்சிலிருந்து அவர் திரும்பிய விமானத்தை அவருடைய விமானப்படையின் போர் விமானங்களே வானில் வைத்துச் சுட்டன. அப்போதும் தப்பினார்.

தலைமை தாங்கியவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மேலதிகாரி சொன்னார் என்று கிளம்பியவர்கள், எங்கே போகிறோம் என்றே தெரியாமல் லாரியில் ஏறியதாகச் சொன்னவர்கள் எனப் பலருக்கும் நீதிமன்றம் 3 ஆண்டு, 5 ஆண்டு, 10 ஆண்டு, அதற்கு மேலும் என்று தண்டனை விதித்தது. கெனித்ரா சிறையில் நாளெண்ணிக் கொண்டிருந்த அவர்களில் 58 பேரை, 1973 ஆகஸ்டில் ஓர் இரவு கண்ணைக் கட்டிக் கூட்டிப்போனார்கள். போய்ச் சேர்ந்த இடம் அட்லஸ் மலைக்கு அந்தப்புறம், தஸ்மமார்ட் என்ற ரகசியச் சிறை.

பிழைத்து வந்தவர்கள் பின்னாளில் எழுதியதிலிருந்து அங்கிருந்த சிறையறையை இஞ்ச் இஞ்ச்சாகச் சொல்லிவிடலாம். நீளம் சுமார் 3 மீட்டர், அகலம் இரண்டரை. படுக்க ஒரு சிமெண்டுத் திண்ணை, போர்த்திக்கொள்ள இரண்டு பழைய கம்பளி, மூலையில் கழிப்பிடமாக ஒரு குழி, காற்றுக்குச் சில துளைகள். விளக்கு கிடையாது. நாளுக்கு 5 லிட்டர் தண்ணீர். குடிக்கவும் கழுவவும் அதுதான். மருத்துவர் இல்லை, பார்வையாளர் இல்லை, முற்றத்தில் காலாற நடக்கவும் விடவில்லை. குளிர்காலத்தில் எலும்பு வரை உறையும். கோடையில் அறை கொதிக்கும். இறந்தவனை அவன் கம்பளியிலேயே சுற்றி முற்றத்தில் புதைத்தார்கள். தொழுகை கூட நடக்கவில்லை.

சிறையில் இரண்டு கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் 29 அறை. முதல் கட்டடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, குரலை மட்டும் வைத்து நாளுக்கு ஓர் ஒழுங்கு அமைத்துக்கொண்டார்கள். குர்ஆன் ஓத ஒரு நேரம், பாடம் சொல்ல ஒரு நேரம், முன்பு பார்த்த சினிமாவைக் கதையாகச் சொல்ல ஒரு நேரம், எல்லோரும் வாய்மூடி இருக்க ஒரு நேரம். இரண்டாவது கட்டடத்தில் வெளிச்சமும் குறைவு, ஒழுங்கும் கூடிவரவில்லை. சாவு பெரும்பாலும் அங்கேதான் விழுந்தது.

கைதி ஒருவரின் மனைவி அமெரிக்கர். அவர் தட்டாத கதவில்லை. 1980களின் நடுவில் அமெரிக்கத் தூதரகம் தலையிட்டது. அந்த ஒரு கைதிக்கு மட்டும் நல்ல சாப்பாடும் மருந்தும் வந்தன. பக்கத்து அறைகளில் பழைய கணக்கேதான். கேட்க ஆளிருந்தால் நிலைமையை மாற்ற முடியும் என்று சிறையை நடத்தியவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

காவலர்கள் சிலர் காசுக்கும், ஒன்றிரண்டு பேர் இரக்கத்துக்கும் கடத்திவந்த கடிதங்கள் பாரிஸ் வரை போயின. அரசோ அப்படியோர் இடமே இல்லை என்றது. பனிப்போர் முடிந்து மேற்கு நாடுகள் முகம் திருப்பத் தொடங்கிய பிறகுதான், 1991இல் கதவு திறந்தது. 58 பேரில் மிஞ்சியவர்கள் 28. கூன் விழுந்து, உயரம் குறைந்து வந்தார்கள்.

தஸ்மமார்ட் தனிக்கதை அல்ல. காசாபிளாங்காவில் குடியிருப்புகளுக்கு நடுவே, போலீஸ் குடும்பங்கள் வசித்த கட்டடத்தின் கீழேயே ரகசியச் சித்திரவதைக் கூடம் நடந்தது. ஆண்டுதோறும் ரோஜாத் திருவிழா நடக்கும் கல்அத் ம்கூனா ஊரில், பழைய கோட்டைக்குள் மேற்கு சஹாராவைச் சேர்ந்தவர்களை ஆண்டுக்கணக்கில் ஒளித்து வைத்திருந்தார்கள். 1991 ஜூனில் 300க்கும் மேற்பட்ட சஹாராவியர்கள் வெளியே வந்தபோது, செத்துவிட்டார்கள் என்று குடும்பங்கள் முடிவுகட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

சாட்சி சொல்லலாம், ஆனால்...

1999இல் புதிய மன்னர் வந்தார். 2004இல் உண்மை ஆணையம் அமைந்தது. அந்த டிசம்பரில் ரபாத்தில் பாதிக்கப்பட்டவர்கள் மேடையேறிப் பேசினார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பேசுகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: சித்திரவதை செய்தவரின் பெயரைச் சொல்லக்கூடாது.

என்ன செய்தார்கள் என்று சொல்லலாம். எந்த ஊரில், எந்த ஆண்டில், எத்தனை நாள் என்று சொல்லலாம். யார் என்று மட்டும் சொல்லக்கூடாது. தொங்கவிட்டு அடிக்கப்பட்டவர் பேசும்போது, அடித்தவர் வீட்டில் உட்கார்ந்து அதே நிகழ்ச்சியைப் பார்த்திருக்கவும் கூடும். இது பொறுக்காமல் மனித உரிமை அமைப்பினர் தனியாக இன்னொரு சாட்சிய அரங்கு நடத்தினார்கள். அங்கே பெயர்கள் வந்தன. அரசுத் தொலைக்காட்சி அங்கே வரவில்லை.

ஆணையம் வேலையே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. காணாமல் போன 742 பேரின் கதி என்னவென்று கண்டறிந்ததாக அறிக்கை சொன்னது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழப்பீட்டுக்குரியவர்கள் என ஏற்றது. பழி தீர்க்கக் கிளம்பியிருந்தால் சீர்திருத்தமே கருகிப்போயிருக்கும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இல்லாமலில்லை.

என் கவலை வேறு. பணம் கொடுத்துப் பெயரை மறைப்பதற்கு ஒரு முறை கிடைத்துவிட்டது. கொடுங்கோலர்களுக்கு முன்பெல்லாம் மறுப்பது ஒன்றுதான் வழி. மறுப்பு ஒருநாள் உடையும். உடையும்போது ஆளைத் தேடுவார்கள். இப்போது ஒப்புக்கொள்வதே பாதுகாப்பு. கண்ணீரோடு கேட்கலாம், காசோலை கொடுக்கலாம், நினைவிடம் கட்டலாம்; ஒருவரும் கூண்டில் ஏற வேண்டியதில்லை. இதை அயல்நாட்டு வல்லுநர்கள் முன்மாதிரி என்று மற்ற தலைநகரங்களுக்கு எடுத்துப்போகும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. இழப்பீடு கொடுக்கும் கஜானாவும் குடிமக்கள் வரிதானே? அடிபட்டவரும் சேர்ந்துதான் அடித்தவருக்காக அபராதம் கட்டுகிறார்.

ஆணையத்தின் வரம்பு 1956 முதல் 1999 வரை. 2003இல் காசாபிளாங்கா குண்டுவெடிப்புகளுக்குப் பின் பிடிக்கப்பட்டவர்கள் ரகசியக் காவலையும் அடியையும் பற்றிச் சொன்ன புகார்கள் அந்த வரம்புக்கு வெளியே நின்றன. பழைய காலத்து அடியை மேடையில் கேட்டுக்கொண்டிருந்தபோதே புதிய புகார்கள் வந்துகொண்டிருந்தன.

2016இல் அல் ஹொசைமா நகரில், பறிமுதலான தன் மீனை மீட்கக் குப்பை லாரிக்குள் ஏறிய வியாபாரி அதன் அழுத்தும் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். அந்த நகர் இருக்கும் ரிஃப் பகுதியே தெருவுக்கு வந்தது. அவர்கள் கேட்டது மருத்துவமனை, பல்கலைக்கழகம், வேலை. 2018இல் போராட்டத் தலைவர்களுக்கு 20 ஆண்டு வரை சிறை. காவலில் அடித்தார்கள் என்று அவர்கள் சொன்னது தீர்ப்பை அசைக்கவில்லை. பெயர் வெளிவராத ஒரு பரம்பரையே காவல் நிலையங்களில் வளர்ந்திருக்கும்போது அடுத்த தலைமுறை யாருக்குப் பயப்படும்?

2011 அரசியல் சட்டத்தில் மன்னர் 'புனிதமானவர்' என்ற சொல் போய்விட்டது. தீண்ட முடியாதவர் என்பது இருக்கிறது. 2030 உலகக் கோப்பைக் கால்பந்தை ஸ்பெயின், போர்ச்சுகலோடு சேர்ந்து நடத்தப்போகும் நாடு அது. அதற்குள் இன்னும் சில கைதிகளுக்கு அரச மன்னிப்பு வரலாம். 2024 ஜூலையில், மன்னர் அரியணை ஏறியதன் ஆண்டுவிழாவையொட்டி, சிறையிலிருந்த பத்திரிகையாளர்கள் சிலர் அப்படித்தான் வெளியே வந்தார்கள். நல்லதுதான். ஆனால் அங்கே மன்னிப்பு எப்போதும் உள்ளே இருந்தவருக்கே கிடைக்கிறது. பூட்டி வைத்தவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. அவர்மீது வழக்கே கிடையாதே.