குதிரைகளில் முதுமையும் வளர்சிதைமாற்றமும்

குதிரைகளில் முதுமைசார் வளர்சிதைமாற்ற மாறுபாடுகள் என்பவை, வயது கூடும்போது குதிரையின் உடல் தீனியிலிருந்து ஆற்றல் பெறுவதிலும், சர்க்கரையைக் கையாளுவதிலும், தசையைப் பேணுவதிலும் தோன்றும் மாற்றங்கள் ஆகும். நன்கு பேணப்படும் குதிரை பொதுவாக 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். ஏறத்தாழ 15 வயதிலிருந்து இம்மாற்றங்கள் தென்படத் தொடங்கும். இங்கிலாந்தில் 1822 இல் இறந்த ஓல்ட் பில்லி என்னும் படகிழுக்கும் குதிரை 62 ஆண்டுகள் வாழ்ந்ததாகக் கூறப்படுகிறது, அது விதிவிலக்கே.

பற்களும் செரிமானமும்

குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை தேய்கின்றன. அதற்கு ஈடாக ஈற்றிலிருந்து மேலெழுகின்றன. முதுமையில் இந்த இருப்பு தீர்ந்துவிடுவதால் புல் சரியாக மெல்லப்படுவதில்லை. எனினும் பற்கள் நல்ல நிலையில் உள்ள முதிய குதிரையின் செரிமானம் இளங்குதிரையினதைவிடப் பெரிதும் குறைவதில்லை. ஆகவே முதிய குதிரையின் மெலிவு அனைத்திற்கும் குடலைக் காரணமாகக் கூறுவது பொருந்தாது.

கபச் சுரப்பிக் கோளாறு

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து வரும் நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, கபச் சுரப்பியின் இடைமடலைக் கட்டுப்படுத்துகின்றன. முதுமையில் சில குதிரைகளில் இந்நரம்பணுக்கள் சிதைகின்றன. கட்டுப்பாடு இழந்த இடைமடல் பருத்து, அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏ.சி.டி.எச். உள்ளிட்ட பல இயக்குநீர்களை மிகுதியாகச் சுரக்கிறது. 15 வயதைக் கடந்த குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு இக்கோளாறு இருக்கக்கூடும்.

இது 'குஷிங் நோய்' என்றும் வழங்கப்படுகிறது. அப்பெயர் அவ்வளவு பொருத்தமானதன்று. மனிதரின் குஷிங் நோய் கபச் சுரப்பியின் முன்மடலில் தோன்றுவது. வளர்ந்த மனிதரில் இடைமடல் எச்சமாகவே உள்ளது. டோபமின் நரம்பணுக்கள் சிதைவதைக் கொண்டு நோக்கினால், இது பார்க்கின்சன் நோயையே ஓரளவு ஒத்துள்ளது.

கோடையிலும் உதிராத நீண்ட மயிர், முதுகுத் தசை குன்றுதல், தொங்கிய வயிறு, மிகுந்த தாகம், அடிக்கடி வரும் தொற்று ஆகியன இதன் அறிகுறிகள். இவற்றை வெறும் முதுமை எனக் கருதி விட்டுவிடுவதால் பல குதிரைகளில் நோய் காலந்தாழ்த்தியே அறியப்படுகிறது.

இன்சுலினும் குளம்பழற்சியும்

இக்கோளாறு உள்ள குதிரைகளுள் ஒரு பகுதியில் இரத்த இன்சுலின் அளவும் உயர்ந்திருக்கும். குளம்பெலும்பைக் குளம்புச் சுவருடன் பிணைக்கும் மென்தகடுகள் இதனால் நலிவுறுகின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடைபெற்று 2007 இல் வெளியான ஆய்வொன்றில், நலமான மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தியபோது மூன்று நாட்களுக்குள் குளம்பழற்சி உண்டானது. அவற்றின் இரத்தச் சர்க்கரை இயல்பளவிலேயே வைக்கப்பட்டிருந்தது. முற்றிய நிலையில் குளம்பெலும்பு கீழிறங்கும். வலி தணியாத குதிரையைக் கருணைக்கொலை செய்ய நேரிடும்.

மெலிந்த கிழக்குதிரைக்குத் தானியமும் வெல்லப்பாகும் கூட்டிக் கொடுக்கும் பழக்கம் இதனால்தான் இடருள்ளது. இன்சுலின் உயர்ந்த குதிரைக்கு ஊறவைத்த உலர்புல், பாகு சேர்க்காத பீட் கிழங்குச் சக்கை, சிறிதளவு தாவர எண்ணெய் ஆகியவை ஏற்றவை.

கண்டறிதலும் மருத்துவமும்

இரத்தத்தில் ஏ.சி.டி.எச். அளவைக் கொண்டு நோய் கண்டறியப்படுகிறது. நலமான குதிரைகளிலும் கோடை இறுதி முதல் இலையுதிர் காலம் வரை இவ்வளவு இயல்பாகவே உயரும் என்பதால், பருவத்துக்குரிய அளவுகளோடு ஒப்பிடுதல் வேண்டும்.

டோபமினைப் போலச் செயற்படும் பெர்கொலைடு இதற்கான முதன்மை மருந்தாகும். பார்க்கின்சன் நோய்க்கு வழங்கப்பட்ட இம்மருந்து, இதய வால்வுகளைப் பாதித்ததால் 2007 இல் ஐக்கிய அமெரிக்காவில் மனிதப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. குதிரைகளுக்கு அங்கு 2011 இல் ஒப்புதல் கிடைத்தது. இது நோயை முற்றாக நீக்குவதில்லை. வாழ்நாள் முழுவதும் கொடுக்கப்படவேண்டும்.